விடுதலைக்குப் பிறகும் விடாத வழக்கு

ஒருவர் குற்ற வழக்கொன்றில் மூன்றாண்டு சிறைத் தண்டனை பெறுகிறார். தண்டனையை அனுபவித்துவிட்டு வெளியே வருகிறார். வெளியே வந்த நாளிலிருந்து 6 ஆண்டுகள் கடந்துவிட்டால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8-வது பிரிவு விதிக்கும் தடை நீங்கிவிடும். அவர் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போட்டியிடலாம். வென்றால் அமைச்சரும் ஆகலாம். இன்னொருவர் இருபது வயதில் ஓர் அடிதடி வழக்கில் சேர்க்கப்படுகிறார். சாட்சிகள் அரசுத் தரப்பை ஆதரிக்கவில்லை. நீதிமன்றம் அவரை விடுதலை செய்கிறது. தீர்ப்பின் கடைசிப் பத்தியில் ‘சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி இருக்கும்வரை தமிழ்நாட்டில் அவர் இரண்டாம் நிலைக் காவலராக முடியாது. தண்டனை பெற்றவருக்குக் கணக்கு தீரும் நாள் ஒன்றைச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. தண்டனையே பெறாதவருக்கு அப்படியொரு நாள் எழுதப்படவில்லை. வழக்கிலிருந்து விடுபட்டவரின் பெயரைப் பதிவேடுகளிலிருந்து நீக்குவது, அவர் வக்கீல் வைத்து மன்றாடிப் பெறும் சலுகையாக இருக்கக் கூடாது. வழக்குப் போட்ட அரசே அதைச் செய்து முடித்துத் தர வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் விதியைப் பார்ப்போம். தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) என்று ஒன்று உண்டு. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதால் விடுதலையானவரும் ‘குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர்’ என்றே கருதப்படுவார்கள் என்கிறது அதன் விளக்கக் குறிப்பு. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இது செல்லும் என்று தீர்ப்பளித்தது. ‘கௌரவமான விடுதலை’ பெற்றவர் மட்டும் இதிலிருந்து தப்பலாம். சரிபார்ப்பின்போது வழக்கு நிலுவையில் இருந்திருந்தால் அவரும் அடுத்த தேர்வில் மறுபடி கலந்துகொண்டுதான் வேலை கேட்க முடியும். கௌரவமான விடுதலை என்றால் என்ன? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் அப்படியொரு சொல்லே கிடையாது. தமிழ்நாட்டுக் காவலர் ஒருவரின் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றமே இதை ஒப்புக்கொண்டது: இந்தச் சொல் சட்டத்தில் இல்லை, தீர்ப்புகள் வழியாகப் புழக்கத்துக்கு வந்தது, இதைத் துல்லியமாக வரையறுப்பது கடினம் என்றது. சட்டத்தில் இல்லாத, வரையறுக்கக் கடினமான ஒரு சொல்லை அளவுகோலாக வைத்து ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைத் தரம் பிரிக்கிறோம். தீர்ப்பு எழுதும் நடுவர், பழக்கத்தில் வரும் ஒரு வாசகத்தை எழுதிவிட்டு அடுத்த கட்டுக்குப் போகிறார். அந்த வாசகம் ஐந்து வருடம் கழித்து ஒருவரின் வேலையைப் பறிக்கும் என்பது அவர் மேசைக்கு வரும் விஷயமே இல்லை.

இந்த வழக்குகள் எப்படிப் பிறக்கின்றன என்பது ஊரில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். திருவிழாவில் சப்பரம் தூக்குவதில் ஒரு தகராறு. இல்லாவிட்டால் வாய்க்கால் தண்ணீருக்கு ஒரு வாக்குவாதம். இரு தரப்பும் காவல் நிலையத்துக்கு ஓடும். இரண்டு பக்கமும் புகார் வாங்கி, வழக்கும் எதிர் வழக்குமாகப் பதிவார்கள். பிரிவுகள் எல்லோருக்கும் மனப்பாடம்: 294(பி), 323, 506(1). ஆபாசமாகத் திட்டியது, கையால் அடித்தது, மிரட்டியது. 2024 ஜூலை 1-ஆம் தேதி பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததிலிருந்து எண்கள் மாறியிருக்கின்றன. வழக்கின் வடிவம் மாறவில்லை. புகாரில் நாலு பேரின் பெயர் இருக்கும், கடைசியில் ‘மற்றும் பலர்’ என்று இருக்கும். அந்தப் ‘பலரில்’ எதிராளியின் தம்பி, கல்லூரியில் படிக்கும் சித்தப்பா மகன், விலக்கிவிடப் போன பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் பின்னால் வந்து சேர்வார்கள். வீட்டில் அரசு வேலைக்குப் படிக்கும் பையன் யார் என்று பார்த்து அவன் பெயரைச் சேர்க்கச் சொல்லும் புகார்தாரர்களும் உண்டு. அவன் எதிர்காலம்தான் அந்தக் குடும்பத்தை வலிக்கச் செய்யும் இடம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆறு மாதத்தில் இரு தரப்பும் ராசியாகிவிடுகிறார்கள். இனிமேல்தான் சட்டத்தின் நுணுக்கம் ஒன்று வேலை செய்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320-வது பிரிவு எந்தெந்தக் குற்றங்களைச் சமரசமாக முடிக்கலாம் என்று ஒரு பட்டியல் தருகிறது. சமரசம் பதிவானால் அது விடுதலைக்குச் சமம் என்றும் சொல்கிறது. 323-உம் 506-உம் அந்தப் பட்டியலில் உண்டு, 294 இல்லை. அடித்ததையும் மிரட்டியதையும் மன்னித்து முடிக்க நடுவர் மன்றத்தில் வழி இருக்கிறது, கெட்ட வார்த்தை பேசியதை மன்னித்து முடிக்க வழியில்லை. ஆகவே எல்லோரும் எளிய பாதையில் இறங்குகிறார்கள். புகார்தாரர் கூண்டில் ஏறி, ‘யார் அடித்தது என்று எனக்குத் தெரியாது’ என்கிறார். அரசு வழக்கறிஞர் அவரைப் பிறழ்சாட்சி என்று அறிவிக்கக் கேட்கிறார். மற்ற சாட்சிகளும் அப்படியே. மதியத்துக்குள் வழக்கு முடிந்துவிடுகிறது. சந்தேகத்தின் பலனில் விடுதலை. இரண்டு குடும்பமும் நிம்மதியாக ஒரே பேருந்தில் ஊர் திரும்புகின்றன. உண்மையில் அந்த மதியத்தில்தான் அந்தப் பையனின் மேல் அழியாத முத்திரை விழுந்திருக்கிறது.

இதற்கு வேறொரு பாதையும் இருந்தது. இரு தரப்பும் சமரசமான பிறகு, பட்டியலில் இல்லாத குற்றமாக இருந்தாலும், உயர் நீதிமன்றம் தன் உள்ளார்ந்த அதிகாரத்தைக் கொண்டு வழக்கையே ரத்து செய்யலாம் என்று 2012-இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பழைய சட்டத்தின் 482-வது பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-வது பிரிவு. ரத்தானால் முதல் தகவல் அறிக்கையே இல்லாமல் போகிறது. பிறழ்சாட்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அதற்குச் சென்னைக்கோ மதுரைக்கோ போக வேண்டும், உயர் நீதிமன்ற வழக்கறிஞரை அமர்த்த வேண்டும், இரு தரப்பையும் அழைத்துப் போய் நேரில் நிறுத்த வேண்டும். ஒரே தகராறு, ஒரே பிரிவுகள், ஒரே சமரசம். ஒருவனுடைய அப்பாவுக்கு இந்த வழியைச் சொல்ல ஒரு வக்கீல் இருந்தார். இன்னொருவனுடைய அப்பாவுக்கு இல்லை. முதலாமவனின் பதிவு சுத்தமாகிறது, இரண்டாமவனின் பதிவில் கறை நிற்கிறது. குற்றத்தின் அளவோ நடத்தையின் தரமோ இந்த வேறுபாட்டை உண்டாக்கவில்லை. வக்கீல் கிடைத்ததும் கிடைக்காததும் உண்டாக்கியது.

அபராத வழக்குகளில் நடப்பது இன்னும் மோசம். நகரக் காவல் சட்டத்தின் 75-வது பிரிவு, சூதாட்டத் தடைச் சட்டம் போன்றவற்றில் பிடிபட்டவரிடம், ‘ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டுப் போ’ என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை. ஒரு நாள் கூலி போகாமல் இருந்தால் போதும் என்று அவரும் கட்டிவிட்டுப் போகிறார். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைத் தீர்ப்பு என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. அருகில் ஒரு வழக்கறிஞர் நின்றிருந்தால், 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் பொருந்தும் வழக்குகளிலாவது அதை எடுத்துச் சொல்லியிருப்பார். அதன்படி எச்சரித்து விடுவிக்கலாம், நன்னடத்தைப் பிணையில் விடலாம். அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையோடு ஒட்டிவரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது அதன் 12-வது பிரிவு. ஏறத்தாழ எழுபது ஆண்டு வயதான சட்டம் இது. கேட்க ஆள் இல்லாததால் சும்மா கிடக்கிறது.

சட்ட உதவி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும், தொழிலாளர்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. மாவட்டந்தோறும் தாலுகாதோறும் அலுவலகம் உண்டு. உயர் நீதிமன்றத்துக்கென்று தனிக் குழுவும் உண்டு. ஆனால் அந்த அமைப்பின் கவனம் பெரும்பாலும் ஜாமீனிலும் சிறையிலும் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். அந்தக் கவனத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் வழக்கு முடிந்து வெளியே வந்தவருக்குச் சட்ட உதவி தேவைப்படும் என்ற எண்ணமே அங்கு இன்னும் வேரூன்றவில்லை. அவரும் போய்க் கேட்பதில்லை. முடிந்துபோன வழக்குக்கு எதற்கு வக்கீல் என்றுதான் நினைக்கிறார். காவல் சரிபார்ப்பு அறிக்கை எதிராக வரும் அன்றுதான் அது முடியவில்லை என்று தெரிகிறது.

மனுப் போட்டுப் பெறும் உரிமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் நல்ல சான்று தருகிறது. அங்கே குற்றப் பதிவை நீக்கக் கோரும் உரிமை சட்டத்திலேயே இருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் பிரஸ்காட், ஸ்டார் இருவரும் ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவு இது: தகுதி பெற்றவர்களில் ஐந்தாண்டுக்குள் பதிவை நீக்கிக்கொண்டவர்கள் வெறும் 6.5 சதவீதம். மற்றவர்களுக்கு உரிமை இருப்பதே தெரியவில்லை, அல்லது செலவுக்குப் பணமில்லை, அல்லது மறுபடி நீதிமன்றப் படி ஏறவே மனமில்லை. நீக்கிக்கொண்டவர்களின் வருமானம் ஓராண்டுக்குள் சராசரியாக ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்தது. அவர்கள் மறுபடி குற்றத்தில் இறங்கிய விகிதமும் மிகக் குறைவு. பென்சில்வேனியா 2018-இலேயே தானாகப் பதிவை மூடும் சட்டத்தை இயற்றியிருந்தது. மிச்சிகன் 2020-இல் அதே வழிக்கு வந்து 2023-இல் நடைமுறைப்படுத்தியது. தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரிலும், மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறையோ 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ பெற்றவர், சட்டம் குறிக்கும் சில குற்றங்கள் நீங்கலாக, ஐந்தாண்டு குற்றமின்றி வாழ்ந்தால் பதிவு தானாகவே காலாவதியாகிவிடும். பிரிட்டன் 1974-இலேயே இந்தக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. இவையெல்லாம் தண்டனை பெற்றவர்களுக்கான ஏற்பாடுகள். நாம் இன்னும் விடுதலையானவர்களைப் பற்றியே வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

வெளிநாடு வேண்டாம், நம் சட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், சட்டத்தோடு முரண்பட்ட சிறாருக்குப் புதுத் தொடக்கம் வேண்டும் என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. குற்றம் நிரூபிக்கப்பட்டாலும் சிறாருக்குத் தகுதியிழப்பு கிடையாது. மேல்முறையீட்டுக் காலமோ குறித்த காலமோ முடிந்ததும் பதிவுகளை அழிக்க வேண்டும் என்கிறது 24-வது பிரிவு. கொடுங்குற்றத்துக்காக வயது வந்தவரைப் போல விசாரிக்கப்பட்ட 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் விதிவிலக்கு. முடிந்துபோன வழக்கின் பதிவை நற்சான்றுக்காகக்கூடக் காவல்துறை வெளியிடக் கூடாது என்கிறது 74-வது பிரிவு. பதினேழு வயதும் பதினோரு மாதமும் ஆனவருக்குக் குற்றம் நிரூபணமானாலும் அரசே பதிவை அழிக்கும். பதினெட்டு வயதும் ஒரு மாதமும் ஆனவருக்கு விடுதலையானாலும் பதிவு நிற்கும். இரண்டு மாத வயது வித்தியாசத்துக்கு இவ்வளவு பெரிய பள்ளம் நியாயமா?

மறுப்புகளில் மிக வலுவானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சாட்சியை மிரட்டியும் விலைக்கு வாங்கியும் தப்பித்தவர்கள் ஏராளம். அவர்களின் பதிவையும் துடைப்பதா என்பது அது. இந்த அச்சம் உண்மையானது. சாதி வன்கொடுமை வழக்குகளிலும் பாலியல் வழக்குகளிலும் சாட்சிகள் எப்படி உடைக்கப்படுகிறார்கள் என்பதை அறிந்த யாரும் இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்கு மருந்து சாட்சிப் பாதுகாப்பில் இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்று நாடு முழுவதற்கும் சட்டமாக்கிய சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தையும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவையும் உயிரோடு வைத்திருப்பது அரசின் கடமை. விடுதலை தவறு என்று அரசு கருதினால் மேல்முறையீடு செய்யட்டும். அந்தக் காலம் முடிந்த பிறகே பதிவை மூடலாம். கொடுங்குற்றங்களில் பதிவு மூடப்பட்டாலும் நீதிமன்றமும் புலனாய்வு அதிகாரியும் பார்க்கும்படி வைத்திருக்கலாம். நான் கேட்பது பெரும்பாலும் மூன்றாண்டுக்கு உட்பட்ட தண்டனைக்குரிய சில்லறை வழக்குகளைப் பற்றி. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாட்சியை மிரட்டத் தெரிந்த ரௌடி, காவலர் தேர்வுக்கு விண்ணப்பம் போடுவதில்லை. இன்றைய விதி அவனைத் தொடுவதே இல்லை. விடியற்காலையில் பள்ளி மைதானத்தில் 1,500 மீட்டர் ஓடிப் பழகும் பையனைத்தான் அது தொடுகிறது.

துப்பாக்கி ஏந்தும் பணிக்கு ஆள் எடுக்கும்போது கடந்த காலத்தைப் பார்க்கவே கூடாதா என்பது அடுத்த கேள்வி. பார்க்கலாம், நடந்தது என்ன என்று பார்க்க வேண்டும், தீர்ப்பின் வாசகத்தை மட்டும் பார்க்கக் கூடாது. இளமையில் செய்யும் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று 2011-இல் டெல்லி காவல் பணிக்கு விண்ணப்பித்த ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2016-இல் அவ்தார் சிங் வழக்கில், வழக்கை மறைத்தவராக இருந்தாலும் குற்றம் அற்பமானதென்றால் வேலை தருபவர் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்று நெறிமுறை வகுத்தது. இவையெல்லாம் நல்ல தீர்ப்புகள்தாம். ஆனால் ஒவ்வொருவரும் டெல்லி வரை போய் வென்றவை. உத்தரப் பிரதேசத்தில் 2004-இல் காவலர் பணிக்கு விண்ணப்பித்த இளைஞர் ஒருவருக்கு, விடுதலையான வழக்கின் பெயரால் மறுக்கப்பட்ட அந்த வேலையை 2024-இல்தான் உச்ச நீதிமன்றம் வாங்கித் தந்தது. இருபது ஆண்டுகள். இருபது ஆண்டு காத்திருக்க முடியாதவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தத் தீர்ப்பும் சொல்லாது.

நீதிமன்றத் தீர்ப்பு பொது ஆவணம், அதை மறைப்பது கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்பது மூன்றாவது மறுப்பு. மேல்முறையீட்டில் விடுதலையான ஒருவர் இணையத்திலுள்ள தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கோரியபோது, அதற்கான சட்டமோ விதியோ இல்லை என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, பெயரை மறைக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. இந்தக் கேள்வியில் இரு பக்கமும் நியாயம் உண்டு என்றே நான் கருதுகிறேன். தீர்ப்பின் சட்டக் காரணங்கள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். அதற்கு விடுதலையானவரின் பெயர் தேவையில்லை. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவை அழிக்கக் கேட்கும் உரிமையைத் தந்தாலும், நீதிமன்றப் பணிக்கும் குற்ற விசாரணைக்கும் விலக்கு அளித்துவிட்டது. முதல் தகவல் அறிக்கை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவரின் நலனுக்காகவே அப்படிச் செய்தது. அவர் விடுதலையானால் அதே வேகத்தில் அதுவும் அங்கே ஏற வேண்டும் என்று கேட்பது அதன் நேர் தொடர்ச்சிதான்.

காவல் நிலையப் பதிவேட்டில் ஏறிய பெயர் தலைமுறைகளை எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. பிறப்பையே குற்றப் பதிவாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்றவர்கள் மீதுதான் 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தச் சட்டம் போய்விட்டது. பதிவேட்டை நம்பும் பழக்கம் போகவில்லை. பின்தங்கிய, ஒடுக்கப்பட்ட சமூகத்தினரின் பெயர்களைச் சரித்திரப் பதிவேட்டில் இயந்திரம்போல் ஏற்றக் கூடாது, சிறுவர்களின் பெயரை அதில் சேர்க்கக் கூடாது என்று 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

அரசால் மொத்தமாக வழக்குகளை முடித்துக்கொடுக்க முடியும் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. கொரோனா ஊரடங்கை மீறியதாகப் பதிவான ஏறத்தாழ 10 லட்சம் வழக்குகள், வன்முறை, போலி இ-பாஸ் போன்றவை நீங்கலாக, கைவிடப்படும் என்று 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். அதற்காகப் பத்து லட்சம் பேர் வக்கீல் வைக்கவில்லை. கூடங்குளம் போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தது. அரசு ஒரு முடிவெடுத்தால் நடக்கக்கூடியது, தனிமனிதர் மனுப் போட்டால் பத்தாண்டு இழுக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியதில் முதற்படி எளிது. விடுதலைத் தீர்ப்பு வந்து மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும், அதை நீதிமன்றமே காவல் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். காவல்துறையின் கணினிப் பதிவில் அந்த வழக்கு மூடப்பட வேண்டும். நற்சான்று அறிக்கையில் அது தலைகாட்டக் கூடாது. சட்டப் பணிகள் ஆணைக்குழு, விடுதலையாகும் ஒவ்வொருவரின் கையிலும் இந்த உரிமைகளைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளையாவது கொடுக்க வேண்டும். இப்போதைக்கு, பழைய வழக்கொன்று துரத்தும் எவரும் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். சரிபார்ப்புப் படிவத்தில் வழக்கை மறைக்காமல் எழுதிவிட்டு, தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பத்திரமாக வைத்திருப்பது அவருக்கு நல்லது. சமரசப் பட்டியலில் ஆபாச வசைப் பிரிவைச் சேர்ப்பதற்கும் வழி உண்டு. குற்றவியல் நடைமுறை பொதுப் பட்டியலில் இருக்கிறது. வரதட்சணைக் கொடுமைக்கான 498ஏ பிரிவை ஆந்திரப் பிரதேசம் 2003-இல் தன் மாநிலத் திருத்தத்தால் சமரசத்துக்கு உரியதாக்கிக் காட்டியது. 14(பி) விதியோ மாநில அரசே எழுதிய பணி விதி. அதன் விளக்கக் குறிப்பைத் திருத்த நாடாளுமன்றத்தின் தயவு தேவையில்லை. அடுத்த காவலர் தேர்வு அறிவிப்பு வெளியாகும் முன் தமிழ்நாடு அரசு அதைச் செய்ய வேண்டும்.